மேலே உலர்ந்த தானியம்

ஓர் ஊரின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அதன் பள்ளிவாசலையும் கோயிலையும் தேவாலயத்தையும் கண்டு திரும்பிவிடுதல் போதாது. அதன் பேருந்து நிலையத்தையும் காண வேண்டும். வழிபாட்டு இல்லங்களை அவரவர் தமக்கென எழுப்பிக்கொள்கின்றனர். அவற்றின் சுவர் வெடித்தால் மறுவாரமே கொத்தனார் வந்துவிடுவார். பேருந்து நிலையமோ, நாம் பெயரறியாத ஒருவர் அரைமணி நேரம் நிற்பதற்காக நாம் எல்லோரும் சேர்ந்து கட்டிவைத்த வீடு. அந்த வீட்டை எந்நிலையில் வைத்திருக்கிறோம் என்பதே நம் பண்பாட்டின் உண்மையான அளவுகோல்.

இஸ்லாம் இந்த விருந்தினரை மறந்ததில்லை. ஜகாத் பெறும் உரிமையுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் ஒருவராகத் திருமறை வைத்திருக்கிறது. 'இப்னுஸ் ஸபீல்', அதாவது பாதையின் மைந்தர் என்று அவருக்குப் பெயர். பெயரிலேயே பரிவு பொதிந்திருக்கிறது. சொந்த ஊரில் செல்வராயினும் வழியில் கையற்று நிற்கும்போது அவர் ஏழையே என்பது நம் சட்ட அறிஞர்கள் தந்த விளக்கம். அந்தப் பாதையின் மைந்தருக்கு இன்று நாம் என்ன வழங்குகிறோம்? அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நம் ஊர் கடலோர ஊர். அதன் பேருந்து நிலையம் நாற்பது ஆண்டுகளைக் கடந்த கட்டடம். உப்புக்காற்று அதன் எலும்பைத் தின்னத் தொடங்கி வெகுகாலமாயிற்று. கூரையின் அடிப்புறத்தில் காரை பெயர்ந்து, செந்துரு ஏறிய கம்பிகள் விலா எலும்புகள்போல் வெளியே தெரிந்தன. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டிருந்தது. குடிநீர்க் குழாயில் நீர் வந்த நாள் எவர் நினைவிலும் இல்லை. 2015 ஆம் ஆண்டு தமிழகமெங்கும் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டபோது இங்கும் ஓர் அறை திறந்தார்கள். இன்று அதில் துடைப்பங்களும் உடைந்த நாற்காலிகளும் குடியிருக்கின்றன. 2021 ஆம் ஆண்டு நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கிய பின்னர் இந்நிலையத்தில் நிற்கும் பெண்களின் தொகை பெருகியது. அவர்கள் அமர்வதற்கு இடம் பெருகவில்லை.

இந்நிலையில்தான் நிலையத்தை 'அழகுபடுத்த' முடிவாயிற்று. கூரைக்குப் புதிய கம்பி வந்ததா? இல்லை. குழாய்க்கு நீர் வந்ததா? இல்லை. படங்கள் வந்தன! இரும்புச் சட்டத்தில் இறுக்கிய பிளெக்ஸ் திரைகளும், படம் அச்சிட்ட அலுமினியத் தகட்டுப் பலகைகளும் லாரியில் வந்து இறங்கின. மூன்றே நாட்களில் தூண்கள் மறைந்தன, உத்தரங்கள் மறைந்தன, கைப்பிடிச் சுவரும் அரசங்கன்றும் மறைந்தன. அவை இருந்த இடத்தில் பச்சை வயலும் பாய்மரப் படகும் தோன்றின. ஒரு திரையில் தர்கா மினாராவும் கோயில் கோபுரமும் மாதா கோயில் சிலுவையும் தோளோடு தோள் சேர்ந்து நின்றன. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அதற்குப் பொருளுதவிய கனவானின் சிரித்த முகம் இருந்தது. அந்தக் கனவான்களில் பாதிப்பேர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள்.

திறப்பு விழா மேடையில் நாமும் இருந்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பாழ்பட்ட கட்டடம் பூஞ்சோலையாயிற்று என்று பேசினோம், கைதட்டலும் பெற்றோம். இக்கட்டுரை அந்தப் பேச்சுக்காக நாம் செய்யும் தவ்பா என்றும் வாசகர்கள் கொள்ளலாம்.

சென்ற ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் நாம் பேருந்துக்காக அங்கே சென்றோம். மினாராவும் கோபுரமும் சிலுவையும் அச்சிட்ட அந்தத் திரை வயிறு புடைத்து நின்றது. கூரையின் விளிம்பிலிருந்து பெயர்ந்த காரையும் செங்கல் துண்டுகளும் திரைக்குப் பின்னே விழுந்து தேங்கியிருந்தன. அதன் நேர் கீழே பூக்கூடையுடன் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். அவரை எழுப்பி வேறிடத்தில் அமர்த்தினோம். கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"முந்தியெல்லாம் இந்த எடத்துல நாங்க யாரும் உக்கார மாட்டோம் பாய். மேல பொளந்து கெடந்தது கண்ணுக்குத் தெரிஞ்சுது. படத்த மாட்டுனதும் அது மறந்தே போச்சு."

பொறியியல் நூல் படியாத அந்தத் தாயின் மூன்று வாக்கியங்களில் நம் மேடைப் பேச்சு முழுவதும் தவிடுபொடியாயிற்று. விரிசல் என்பது கட்டடம் பேசும் மொழி. 'என்னால் இனித் தாங்க முடியவில்லை. விலகி நில்லுங்கள்' என்று அது தன் மக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. பூக்காரர் அதைக் கேட்டார். சுமைத் தொழிலாளர் கேட்டார். பள்ளிப் பிள்ளைகளும் கேட்டு விலகி நின்றார்கள். அழகுபடுத்தியவர்கள் அந்தக் கட்டடத்தின் வாயைக் கட்டினார்கள். அபாயம் அப்படியே இருக்க, அபாயத்தைப் பற்றிய அறிவு மட்டும் ஏழைகளிடமிருந்து பறிக்கப்பட்டது. இதற்குப் பெயர் அழகுபடுத்தலா?

திரைக்குப் பின்னே நடப்பது என்ன என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய கல்வி வேண்டுவதில்லை. கடற்காற்றிலுள்ள உப்பும் ஈரமும் காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே சென்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பன்மடங்கு பெருகும். பருத்த துரு உள்ளிருந்து நெம்ப, வெளிக்காரை வெடித்துப் பெயரும். பெயர்ந்த இடத்தின் வழியே மேலும் ஈரம் புகும். துரு இன்னும் விரையும். இந்த நோயை முதலில் கண்டுகொள்ளும் மருத்துவம் கண்ணால் பார்ப்பதுதான். கறை தெரிகிறதா, வெடிப்பு நீண்டிருக்கிறதா, தட்டினால் வெற்றொலி கேட்கிறதா என்று பார்த்தே பொறியாளர் தம் ஆய்வைத் தொடங்குவார். திரை அந்தக் கண்ணைக் கட்டுகிறது. அதுமட்டுமன்று, சுவருக்கும் திரைக்கும் இடையே ஈரம் தேங்கிக் காயாமல் நிற்கிறது. சட்டத்தை நிறுத்த அடித்த ஒவ்வொரு திருகாணித் துளையும் ஈரத்துக்குப் புதிய வாசலாகிறது. நோயாளிக்குப் பட்டுப் போர்வை போர்த்தி, அந்தப் போர்வையை ஆணி கொண்டு அவர் உடலிலேயே அறைவதற்கு ஒப்பான செயல் இது.

நாம் மிகைபடப் பேசுவதாக எவரேனும் எண்ணக்கூடும். அவர்களுக்கு 2017 ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். அவ்வாண்டு செப்டம்பர் 7 அன்று கோவை மாவட்டம் சோமனூர் பேருந்து நிலையத்தின் கூரை இடிந்து விழுந்து, பேருந்துக்காகக் காத்திருந்தோர் உட்பட 5 பேர் மாண்டனர். ஆறு வாரங்கள்தாம் சென்றிருக்கும். அக்டோபர் 20 அன்று விடியுமுன், அன்றைய நாகை மாவட்டத்திலும் இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்திலும் அடங்கிய பொறையாற்றில், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையின் பழைய ஓய்வறைக் கட்டடம் சரிந்தது. இரவுப் பணி முடித்து உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 8 பேர் உறக்கத்திலேயே உயிர் துறந்தனர். பேருந்து ஓட்டி நம்மை ஊர் சேர்த்தவர்களுக்கு நாம் தந்த கூரை அது! ஓராண்டின் ஒரே மழைக்காலத்தையொட்டி, இரண்டு கூரைகள், 13 உயிர்கள். இவ்விரண்டும் நம் செவியில் இன்னும் ஒலிக்க வேண்டிய ஓசைகள். அவற்றை வண்ணத்தால் அடக்க முற்படுவது நன்றிகெட்ட செயல்.

வெளித்தோற்றம் புதிதானால் கட்டடமும் புதிதாயிற்று என்று நம்புவது நம் நாட்டின் நோய் மட்டுமன்று. செர்பியாவின் நோவி சாத் நகர இரயில் நிலையம் 1964 இல் எழுந்தது. சில ஆண்டுகள் நடந்த புதுப்பிப்புப் பணிக்குப் பின் 2024 ஜூலையில் அது மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று வாயிலின் காங்கிரீட் மேற்கூரை கீழே நின்றவர்கள்மீது விழுந்தது. உயிரிழந்தோர் தொகை பின்னர் 16 ஆயிற்று. அந்நாட்டு மக்கள் மாதக்கணக்கில் வீதியில் திரண்டு கணக்குக் கேட்டனர். 2025 ஜனவரியில் பிரதமர் பதவி விலகுவதாக அறிவித்தார். புதுமெருகு பூசிய நிலையத்தை வாழ்த்தியவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள்.

மறைப்பதற்கென்று மாட்டிய பலகையே எமனாக மாறுவதும் உண்டு. இலண்டனின் கிரென்பெல் குடியிருப்புக் கோபுரத்துக்கு 2016 இல் முடிந்த புதுப்பிப்பின்போது, வெப்பம் காக்கவும் தோற்றத்தை மேம்படுத்தவும் அலுமினியத் தகட்டுப் பலகைகளைப் போர்த்தினார்கள். இரு தகடுகளுக்கு நடுவே இருந்தது எரியும் பிளாஸ்டிக். 2017 ஜூன் 14 அன்று ஒரு வீட்டுச் சமையலறையில் பற்றிய நெருப்பு அந்தப் போர்வையைப் பற்றிக்கொண்டு கோபுரம் முழுவதும் ஏறியது. 72 பேர் மாண்டனர். அது ரமளான் மாதம். ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம் குடும்பத்தார் சிலர் அண்டை வீட்டுக் கதவுகளைத் தட்டி எழுப்பியதாக அந்நாளில் செய்திகள் வந்தன. நம் பேருந்து நிலையங்களின் முகப்பில் இன்று பளபளக்கும் தகட்டுப் பலகைகளின் நடுவே என்ன இருக்கிறது என்று அவற்றை மாட்டியவர்கள் கேட்டார்களா? விலைப்பட்டியலைத் தவிர வேறு எதைப் பார்த்தார்கள்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கண்டார்கள். மேலே நன்றாக உலர்ந்திருந்த அக்குவியலுக்குள் தம் திருக்கரத்தை விட்டபோது விரல்களில் ஈரம் தட்டியது. வணிகரைக் கேட்டார்கள். மழை நனைத்துவிட்டது என்றார் அவர். அப்படியானால் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நபிகளார், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று தீர்ப்பளித்தார்கள். ஹதீஸ் நூல்கள் கூறும் இந்நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டு வளர்கிறார்கள். அந்த வணிகர் தானியத்தை நனைக்கவில்லை, நனைத்தது மழை. நனைந்ததற்காக அவர்மீது குற்றமில்லை. நனைந்ததை உலர்ந்ததால் மூடியதே குற்றமாயிற்று. நம் பேருந்து நிலையத்தின் கூரை பழுதானதற்கு உப்பையும் மழையையும் காலத்தையும் காரணம் காட்டலாம். அதன்மேல் பச்சை வயலை விரித்ததற்கு யாரைக் காரணம் காட்டுவது? நாம் விரித்தது வேறென்ன, மேலே உலர்ந்த தானியம்தானே!

மாற்றுக் கருத்துடைய அன்பர்கள் நம்மிடம் சொல்லும் மறுமொழிகளை நாம் அறிவோம்.

ஏழைக்கு அழகு வேண்டாமா என்பது முதல் கேள்வி. வேண்டும், கட்டாயம் வேண்டும். இறைவன் அழகை நேசிப்பவன் என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. பீகார் மாநிலத்தின் மதுபனி இரயில் நிலையச் சுவர்களில் 2017 ஆம் ஆண்டு அவ்வூர் ஓவியர்கள், ஆடவரும் பெண்டிருமாக, ஊதியம் பெறாமல் தங்கள் மரபு ஓவியங்களைத் தீட்டினார்கள். அதை நாம் போற்றுகிறோம். அங்கே சுவரின்மேலேயே வண்ணம் இருக்கிறது. சுவர் வெடித்தால் ஓவியமும் வெடிக்கும். யாரையும் அது ஏமாற்றாது. தீட்டிய கையும் அவ்வூர்க் கை. நம் நிலையத்தில் தொங்கும் படத்தைத் தீட்டிய கை எது? எங்கோ ஓர் இயந்திரம் துப்பிய மை அது. அதே வயலும் அதே படகும் பக்கத்து ஊரிலும் தொங்குகின்றன. நம் ஊரில் கையெழுத்துப் பலகை எழுதிப் பிழைத்த ஓவியர்கள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அழகின் பெயரால் அழகு செய்பவரையே விரட்டிவிட்டோம்.

புதிதாகக் கட்டப் பணமில்லை, உள்ளதைக் கொண்டு செய்தோம் என்பது இரண்டாம் மறுமொழி. கடைகளை ஏலம் விட்டும், உள்ளே வரும் பேருந்துகளிடம் கட்டணம் பெற்றும் வருவாய் ஈட்டும் இடம் அது. போகட்டும், பணமில்லை என்றே வைத்துக்கொள்வோம். பழுதான பகுதியைக் கயிறு கட்டி மறித்து, 'இங்கே நிற்காதீர்கள்' என்று கரும்பலகையில் சுண்ணாம்பால் எழுதி வைக்க எவ்வளவு பணம் தேவை? ஒரு படத்தின் விலையில் பத்துப் பலகை எழுதலாமே! பணமின்மை அங்கே தடையாக நிற்கவில்லை. உண்மையைச் சொல்வதற்கான நாணமே தடையாக நின்றது.

மூன்றாவது மறுமொழி நம்மவர்களிடமிருந்தே வருகிறது. நம் தர்காவின் மினாராவை ஊர்ப்பொது இடத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்களே, அது நமக்குப் பெருமையன்றோ என்கிறார்கள். அன்பர்களே, நாகூருக்குச் சென்று அண்ணாந்து பாருங்கள். 18 ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பித் தந்த 131 அடி உயர மினாரா அங்கே நிற்கிறது. மாற்று மதத்தவரான அம்மன்னர் நல்லிணக்கத்தைப் படமாக வரைந்து தரவில்லை, கட்டித் தந்தார். நூற்றாண்டுகளின் கடற்காற்றுக்கும் புயலுக்கும் அது ஈடுகொடுத்து நிற்கிறது. நம் பேருந்து நிலையத்து நல்லிணக்கம் மூன்று நாள் மழைக்குத் தாங்கவில்லை. மினாராவும் கோபுரமும் சிலுவையும் ஒன்றாகத் தொங்கிய திரைக்குக் கீழே, எந்த மதத்தவரும் குடிக்க ஒரு குவளை நீர் இல்லை. தாகத்தில் நிற்கும் மூவருக்கும் ஒரே குழாயில் நீர் வந்திருந்தால், அதுவன்றோ மத நல்லிணக்கத்தின் உயிருள்ள சித்திரம்?

பயணிக்கு இடம் செய்வதில் நம் முன்னோர் நமக்கு வேறு வழி காட்டிச் சென்றார்கள். 1540 முதல் 1545 வரை ஐந்தே ஆண்டுகள் ஆண்ட ஷேர் ஷா சூரி நெடுஞ்சாலைகளில் இரண்டு குரோசத் தொலைவுக்கு ஒன்றாகச் சத்திரங்களை அமைத்தார். அங்கே கிணறு இருந்தது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் முறைப்படி நீரும் தங்குமிடமும் இருந்தன. சாலையோரம் நிழல்மரங்கள் இருந்தன. பின்னாளில் ஆங்கிலேயர் கட்டிய நிலையங்களிலும் ஒரு நேர்மையைக் காணலாம். 1908 இல் திறக்கப்பட்ட சென்னை எழும்பூர் நிலையம் ஹென்றி இர்வின் வடிவமைத்தது. சாமிநாத பிள்ளை என்னும் ஒப்பந்தக்காரர் கட்டியது. அதன் பாணியை 'இந்தோ சாரசனிக்' என்பார்கள். சாரசன் என்பது ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு இட்ட பழம்பெயர். நம் மரபின் குவிமாடமும் வளைவும் அங்கே செங்கல்லாகவே நிற்கின்றன. அந்த வளைவு அழகும் செய்கிறது, பாரமும் சுமக்கிறது. கட்டடத்தைத் தாங்கும் அழகுக்கும் கட்டடத்தில் தொங்கும் அழகுக்கும் உள்ள வேறுபாட்டை நம் கண் மறந்துபோயிற்று.

இனி நம் செல்வப் பெருமக்களிடம் நேராகவே பேசுகிறோம். மூலையில் சிரிக்கும் உங்கள் முகத்தின்மீது நமக்குப் பகையில்லை. கொடுக்கும் மனம் உங்களுக்கு இருக்கிறது. கொடுத்த இடம்தான் தவறிவிட்டது. உங்கள் பாட்டனார்கள் சாலையோரம் கிணறு வெட்டினார்கள், முசாபிர்கானா கட்டினார்கள், வக்பு எழுதி வைத்தார்கள். பலருடைய பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது; ஆயினும் அந்தக் கிணற்றின் ஒவ்வொரு வாளி நீரும் அவர்கள் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. சதக்கத்துல் ஜாரியா, நிலைத்தோடும் தர்மம் என்று அதற்குப் பெயர். வெயிலில் ஈராண்டில் வெளுத்து, கிழிந்து, மக்காத குப்பையாகச் சாக்கடையை அடைக்கும் பிளெக்ஸ் எந்தக் கணக்கில் ஏறும்? பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளில் ஒன்றாக எண்ணிய நபியின் உம்மத்து, பாதையின் தலைக்குமேல் தொங்கும் கல்லைப் படம் போட்டு மறைத்துக் கொடுக்கலாமா?

நாம் கேட்பவை பெரியவை அல்ல. தூண், உத்தரம், கூரை விளிம்பு ஆகியவற்றை மூடியிருக்கும் திரைகளையும் பலகைகளையும் அடுத்த மழைக்கு முன் கழற்ற வேண்டும். தகுதியுடைய பொறியாளரைக் கொண்டு கட்டடத்தை ஆய்ந்து, உறுதிச் சான்றை, ஆய்ந்த தேதியோடு, மக்கள் படிக்கும் தமிழில் நிலையத்தின் வாயிலிலேயே ஒட்ட வேண்டும். நிற்கத் தகாத பகுதியை மறிக்க வேண்டும். குழாயில் நீரும், கழிப்பிடத்தில் கதவும், பாலூட்டும் அறையில் அதற்குரிய தாயும் இருக்க வேண்டும். இவையெல்லாம் ஆன பிறகு, உறுதியான சுவரின்மேல் நம் ஊர்ப் பிள்ளைகளும் ஓவியர்களும் விரும்பியதைத் தீட்டட்டும். அன்று நம்மை மேடைக்கு அழைத்தால் வந்து மனமார வாழ்த்துவோம்.

அதுவரை வாசகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலும் இப்படிப் படங்கள் தொங்கக்கூடும். அவற்றின் அழகை வியந்து கடந்துவிடாதீர்கள். நபிகளார் தானியக் குவியலில் செய்ததை அங்கே செய்யுங்கள். திரையின் ஓரத்தை விலக்கி, பின்னே என்ன இருக்கிறது என்று பாருங்கள். விரலில் ஈரம் தட்டினால், உரியவர்களிடம் உரக்கச் சொல்லுங்கள். கீழே யாரேனும் கூடை வைத்து அமர்ந்திருந்தால், முதலில் அவரை எழுப்பி வேறிடத்தில் அமரச் செய்யுங்கள்.